படித்ததைப் பகிர்வது எப்படி? கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"இப்ப என்ன படிச்சிட்டு இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால், நம்மில் பலர் புத்தகத்தின் பெயரைச் சொல்வோம், ஆசிரியர் பெயரைச் சொல்வோம், "அருமையான புத்தகம், அவசியம் படிங்க" என்று முடித்துவிடுவோம். கேட்டவரும் தலையாட்டுவார். அவர் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்வதற்குள் பெயர் மறந்திருக்கும்.

நல்ல புத்தகம் ஒன்று இப்படிக் கைநழுவிப் போவது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. படித்தவரிடம் சொல்ல ஏதோ இருந்திருக்கிறது, கேட்டவருக்கும் ஆசை இருந்திருக்கிறது, இடையில் சொன்ன விதம்தான் போதவில்லை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு புத்தகத்தைச் சிபாரிசு செய்ய முடியாது என்பதுதான் என் எண்ணம். இந்த ஆளுக்கு, இந்தச் சமயத்தில், இந்தப் புத்தகம் என்று யோசித்துச் சொன்னால்தான் அது போய்ச் சேர்கிறது. பக்கத்துச் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு இதைத்தான் சொல்கின்றன: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். நூலகருக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும்.

கீழே இருப்பது அதற்கான வழி. தனியாக ஒரு நண்பருக்குச் சொல்லவும் உதவும், பத்துப் பேர் கூடும் வாசிப்புக் கூட்டத்துக்கும் உதவும்.

முதல் படி: படிக்கும்போதே குறித்துவையுங்கள்

புத்தகத்தை முடித்த பிறகு "இதைப் பற்றி என்ன சொல்வது" என்று யோசித்தால் கதைச்சுருக்கம் மட்டும்தான் கையில் மிஞ்சும். கதைச்சுருக்கத்தால் யாரும் புத்தகத்தைத் தேடிப் போவதில்லை. அதனால் படிக்கும்போதே ஒரு பென்சிலும், நாலு துண்டுச் சீட்டும் பக்கத்தில் இருக்கட்டும். சொந்தப் புத்தகமானால் ஓரத்தில் மெல்லக் கோடு போடலாம். நூலகப் புத்தகத்தில் கோடு வேண்டவே வேண்டாம், சீட்டு மட்டும் வையுங்கள்.

எந்த இடத்தைக் குறிப்பது? அழகான வரிகளை எல்லாம் குறிக்கத் தொடங்கினால் புத்தகம் முழுக்கச் சீட்டுதான் இருக்கும். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு "இதை யாரிடமாவது சொல்லணுமே" என்று தோன்றிய இடத்தைக் குறியுங்கள். சலிப்புத் தட்டிய இடத்தையும் குறியுங்கள், இது ரொம்ப முக்கியம். "முதல் அறுபது பக்கம் கொஞ்சம் இழுக்கும், அப்புறம் விடாது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பாதியில் மூடிவைக்க இருந்த ஒருவர் தாண்டி வந்துவிடுவார். புரியாமல் போன இடம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் நல்ல பேச்சு பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

முடித்த அன்றே, அடுத்த புத்தகத்தைத் தொடுவதற்கு முன்னால், ஐந்து வரி எழுதிவையுங்கள். நோட்டிலோ போனிலோ எழுதலாம், எழுத்து நடை பற்றிய கவலை வேண்டாம். யார் நினைவுக்கு வந்தார் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். படிக்கும்போது ஒருவருடைய முகம் வந்துபோனால், அந்தப் புத்தகம் பெரும்பாலும் அவருக்கானதுதான்.

இரண்டாம் படி: எதிரே இருப்பவரைக் கேளுங்கள்

புத்தகம் கேட்டு வருகிறவரிடம் "என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும்?" என்று கேட்பதில் அதிகப் பயன் இல்லை. "எல்லாம் பிடிக்கும்" என்பார்கள். கடைசியாக முழுசாக முடித்தது எது, பாதியில் விட்டது எது, எந்த இடத்தில் விட்டீர்கள், எந்த நேரத்தில் படிப்பீர்கள் என்று கேளுங்கள். வயதானவரானால் எழுத்து அளவையும் மறக்காமல் கேளுங்கள். சின்ன எழுத்தில் அச்சான அறுநூறு பக்கப் புத்தகத்தை எழுபது வயதுக்காரர் கையில் கொடுத்தால் அவர் அதை அலமாரியில்தான் வைப்பார்.

எங்கள் கூட்டத்துக்கு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா வருவார். முதல் நாள் வந்தபோது பேச்சு இப்படிப் போனது.

"கனமான புத்தகமெல்லாம் எனக்கு வேணாம் தம்பி. கடை சாத்திட்டு வந்து, சமைச்சு, எல்லாரும் சாப்ட்டப்புறம்தான் எடுப்பேன். ரெண்டு பக்கம் படிக்கிறதுக்குள்ள கண்ண இழுத்துடும்."

"பாதியில விட்டது ஏதாவது இருக்காக்கா?"

"ஒரு சரித்திர நாவல். நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் எடுத்தா யாரு யாருக்கு மாமன்னே மறந்துபோச்சு."

அவருக்கு என்ன தேவை என்பது இந்தப் பதிலிலேயே இருக்கிறது. ஒரே இரவில் முடிகிற கதை வேண்டும், ஆள்கூட்டம் இருக்கக்கூடாது. 'கனம் வேண்டாம்' என்றதால் மேலோட்டமானதைக் கொடுக்கவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவர் கனம் என்று சொன்னது நீளத்தை. புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையைக் கொடுத்தேன். சென்னையில் துணிக்கடையில் வேலைபார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி செல்லம்மாள், கதையில் கிட்டத்தட்ட இந்த இரண்டு பேர்தான். அடுத்த முறை வந்தபோது அக்கா சொன்னார்: "அந்த மனுசன் அவள எப்படிப் பார்த்துக்கிறாரு பாத்தியா தம்பி. எங்க கடைக்கும் அப்படி ஒருத்தர் வருவாரு, சீட்ட நீட்டிட்டு நிப்பாரு. இனிமே அவர சும்மா அனுப்ப மாட்டேன், உக்காரச் சொல்லிக் கேப்பேன்."

மூன்றாம் படி: ஐந்து நிமிடத்தில் பேசுவது

கூட்டத்தில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் கேட்பவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்ட திருப்திக்கு வந்துவிடுவார்கள், அது நமக்கு வேண்டாம்.

ஆசிரியர் வாழ்க்கை வரலாற்றில் தொடங்காதீர்கள். விருதிலும் தொடங்காதீர்கள். விருது ஒரு தகவல்தான், படிப்பதற்கான காரணம் ஆகாது. புத்தகம் உங்கள் கைக்கு வந்த கதையை ஒரே வரியில் சொல்லிவிட்டு, நீங்கள் சீட்டு வைத்த அந்த ஓர் இடத்துக்கு நேராகப் போங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலைப் பேசவேண்டும் என்று வையுங்கள். வழக்கமாக நாம் பேசுவது இப்படி இருக்கும்: "ஜெயகாந்தன் ஞானபீட விருது பெற்றவர். இது அவருடைய சிறந்த நாவல்களில் ஒன்று. மனிதநேயத்தை அழகாகச் சொல்லியிருப்பார். அவசியம் படிக்கவேண்டும்." இதில் எதுவும் தப்பில்லை. ஆனால் 'மனிதநேயம்' என்ற சொல்லை ஆயிரம் புத்தகத்துக்குப் போடலாம்.

இப்படிப் பேசிப் பாருங்கள்: "தன்னை வளர்த்த அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்ட ஊர், ஆனால் கண்ணால் பார்த்ததில்லை. அந்த ஊரையும் வீட்டையும் தேடிக்கொண்டு ஹென்றி என்கிற இளைஞன் கிருஷ்ணராஜபுரத்துக்கு வருகிறான். அப்பாவின் தம்பி துரைக்கண்ணு லாரி ஓட்டுகிறவர். வீடு, சொத்து என்று பேச்சு வந்ததும் வெட்டுக்குத்து வரப்போகிறது என்று நான் பயந்துகொண்டே படித்தேன். இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட விதத்தைப் பார்த்துப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பங்காளிச் சண்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதைப் படிக்கவேண்டும். விறுவிறுப்பான திருப்பம் எதிர்பார்க்கிறவர்களுக்கு இது சரிவராது, ஊரும் பேச்சுமாகத்தான் போகும்."

இதில் முடிவைச் சொல்லவில்லை. யாருக்கு, யாருக்கு இல்லை என்று இரண்டையும் சொல்லியாகிவிட்டது. 'யாருக்கு இல்லை' என்பதைச் சொல்ல நாம் தயங்குகிறோம், பிடித்த புத்தகத்தைக் குறைத்துப் பேசுவதுபோல் இருக்கிறது. அப்படியில்லை. அதைச் சொல்கிறவரின் அடுத்த சிபாரிசை மக்கள் நம்பி வாங்குகிறார்கள்.

முடிக்கும்போது பதிப்பகம், பக்க அளவு, எங்கே கிடைக்கும் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். கையில் புத்தகம் இருந்தால் சுற்றுக்கு விடுங்கள். அட்டையைத் தொட்டுப் பார்த்தவருக்குப் பெயர் மறக்காது.

எல்லாப் புத்தகத்தையும் ஒரே மாதிரி பேசமுடியாது

கவிதையைப் பற்றி விளக்கிச் சொல்லவேண்டாம், வாசித்துக் காட்டுங்கள். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த காலத்தில் பாடிய 'குயில் பாட்டு' நம் ஊர்ப் படைப்பு என்றே சொல்லலாம். அதை அறிமுகம் செய்ய நாலு நிமிடம் வாய்விட்டுப் படித்தால் போதும், மீதி ஒரு நிமிடம் மௌனமாக இருக்கட்டும்.

வட்டார வழக்கில் எழுதிய கதைகளுக்கும் வாய்விட்டுப் படிப்பதுதான் வழி. கி. ராஜநாராயணன் கடைசிக் காலம் வரை புதுச்சேரியில் வாழ்ந்து 2021-ல் இங்கேயே மறைந்தார். ஆனால் அவர் எழுத்து முழுக்கக் கரிசல் காட்டுப் பேச்சு. நம் பக்கத்து ஆட்கள் 'கோபல்ல கிராமம்' எடுத்தால் சில சொற்களில் தடுக்கும். அந்த இடத்தில் நிறுத்தி அர்த்தம் தேடாமல், கதை சொல்லும் தாத்தா குரலில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நாலு பக்கத்தில் காது பழகிவிடும். அதற்கு மேலும் ஆர்வம் இருப்பவருக்குக் கரிசல் வட்டார வழக்குக்கு அவரே தொகுத்த அகராதி இருக்கிறது.

வரலாற்று நாவலுக்கு இடத்தைக் காட்டுங்கள். இதில் புதுச்சேரிக்காரர்களுக்குக் கிடைத்திருக்கும் வசதி வேறு ஊருக்கு எளிதில் வாய்க்காது. பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 1995-க்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற 'வானம் வசப்படும்' இரண்டும் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் நடக்கின்றன. இரண்டிலும், அன்றைய பிரெஞ்சுக் கவர்னரிடம் துபாஷியாக (மொழிபெயர்த்துச் சொல்பவராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை வருகிறார். ரங்கப்பிள்ளை வீதியில் தினமும் வண்டி ஓட்டிப் போகிறவரிடம் "அந்தப் பிள்ளை யாருன்னு தெரியுமா?" என்று கேட்டே நாவலை ஆரம்பிக்கலாம். நாவலைப் படித்து முடித்த பிறகு, பிள்ளையே 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பைக் கையில் கொடுங்கள். அதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கச் சொல்லாதீர்கள், பயந்துவிடுவார்கள். ஏதாவது ஒரு நாளைப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கவர்னர் என்ன சொன்னார், ஊரில் என்ன வதந்தி என்று ஒரு நாள் முழுசாகக் கண்முன் வந்து நிற்கும்.

மொழிபெயர்ப்பு நூலைப் பற்றிப் பேசும்போது மொழிபெயர்ப்பாளர் பெயரை ஆசிரியர் பெயரோடு சேர்த்தே சொல்லுங்கள். ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும், பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்த வெ. ஸ்ரீராம் பெயரும் வரவேண்டும்.

கூடும் இடம், நேரம்

கடலூரில் பலருக்கும் முதலில் தோன்றுவது சில்வர் பீச். சாயங்காலம் அங்கே உட்கார்ந்து பேசுவது சுகம்தான். ஆனால் காற்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கும், பின்வரிசைக்குக் குரல் கேட்காது, ஆறரைக்கு மேல் எழுத்து தெரியாது. ஏழெட்டுப் பேர் வரை நெருக்கமாக வட்டமாக உட்கார்ந்தால் சமாளிக்கலாம். பேசுகிறவர் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் கடல்காற்றே குரலைக் கொண்டுவரும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், சனிக்கிழமை பரவாயில்லை.

ஆட்கள் கூடிவிட்டால் நூலகம்தான் சரியான இடம். தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு உண்டு. மாவட்ட மைய நூலகத்திலோ உங்கள் கிளை நூலகத்திலோ நூலகரைப் பார்த்து, மாதம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் இடம் கேளுங்கள். போகும்போது நாலு பேராகப் போங்கள். அன்றைக்குப் பேசப்போகும் புத்தகங்களின் பட்டியலை முன்கூட்டியே கொடுத்தால், இருக்கிற பிரதிகளை எடுத்து மேசையில் வைத்துவிடுவார்கள். புதுச்சேரியில் 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது, அதில் உறுப்பினராக இல்லாத வாசகர் அந்த ஊரில் இருக்கக்கூடாது என்று எனக்கு ஆசை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடற்கரையை மறந்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கூட்டமே வேண்டாம். பாண்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் இருந்தால் முடியும் நேரத்தைக் கறாராக வையுங்கள். பெண்கள் தொடர்ந்து வருவதும் வராததும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

"எனக்குப் பிடிக்கல" என்று ஒருவர் சொன்னால்

கூட்டத்தின் உயிர் இங்கேதான். நாம் உருகி உருகிச் சொன்ன புத்தகத்தை ஒருவர் கீழே வைத்துவிட்டு "எனக்கு ஒத்துவரல சார்" என்பார். உடனே ஆசிரியருக்காக வாதாட இறங்காதீர்கள். "உங்களுக்குப் புரியல" என்ற தொனி வந்துவிட்டால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார்.

"எந்த இடத்தில நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தைப் பிரித்து அந்த இடத்தைக் கூட்டத்திலேயே படியுங்கள். அவர் நிறுத்திய இடத்தில்தான் நீங்கள் சீட்டு வைத்திருப்பீர்கள், அல்லது அவர் சொல்லும் குறை உண்மையாகவே இருக்கும். இரண்டில் எது நடந்தாலும் அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை இன்னும் மூன்று பேர் கேட்பார்கள்.

புத்தகம் கைக்குப் போய்ச் சேரவேண்டும்

சிபாரிசு செய்த புத்தகம் கிடைக்காவிட்டால் அந்த ஆசை பத்து நாளில் அடங்கிவிடும். கிடைக்கும் வழியைச் சொல்வதும் நம் வேலைதான்.

முதலில் நூலகம். அடுத்தது, சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவை. இந்தியச் சட்டத்தில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருக்கும். 1948-ல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளை நகலெடுத்துக் கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுக்கலாம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் இப்படிப்பட்ட பழைய நூல்கள் ஏராளம் இருக்கின்றன. ஆனால் ஆழ்ந்து படிக்க விரும்புகிறவர் நல்ல பதிப்பை வாங்குவது நல்லது. புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த காலச்சுவடு தொகுப்பைச் சொல்வேன்.

ஜெயகாந்தன் 2015-ல்தான் மறைந்தார், அவர் நூல்களுக்கு 2075 வரை உரிமை இருக்கிறது. இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றும் திருட்டுப் பிடிஎப்பைக் கூட்டத்தின் குழுவில் யாரும் போடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தமிழில் எழுதிச் சம்பாதிப்பவர்கள் குறைவு, இருக்கும் கொஞ்சத்தையும் வாசகர்களாகிய நாமே பறிப்பது நியாயமில்லை. வாங்க முடியாதவருக்கு இரவல் கொடுங்கள், அல்லது நாலு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். நெய்வேலியில் என்.எல்.சி. நிறுவனம் நடத்தும் புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டமாகப் போய் வாங்குவதும் நல்ல பழக்கம், போவதற்கு முன் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

இரவலுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். புத்தகம், வாங்கியவர் பெயர், தேதி, திரும்பும் தேதி. கொடுக்கும்போது தேதியைச் சத்தமாகச் சொல்லிக் கொடுங்கள், அப்புறம் கேட்கக் கூச்சமாக இருக்காது. மறுபடி கிடைக்காத பழைய பிரதியை இரவல் கொடுக்காதீர்கள், கூட்டத்துக்குக் கொண்டுவந்து காட்டுங்கள், அது போதும். கடலோர ஊர் என்பதால் ஈரக்காற்றில் பக்கங்கள் சீக்கிரம் ஊறிப்போகும், மழைக்காலத்தில் பிளாஸ்டிக் உறை போட்டே கைமாற்றுங்கள்.

வர முடியாதவர்களுக்கு

வேலை, குழந்தை, உடம்பு என்று வர முடியாதவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள். மேலே சொன்ன அதே முறைதான்: ஓர் இடம், யாருக்கு, எங்கே கிடைக்கும். அட்டைப்படத்தை மட்டும் போட்டு "சூப்பர்" என்று அனுப்புவதால் ஒரு புண்ணியமும் இல்லை. ஒரே நாளில் ஐந்து புத்தகம் அனுப்பவும் வேண்டாம், வாரத்துக்கு ஒன்று போதும்.

எப்போது தொடங்கலாம்?

எந்த மாதமும் தொடங்கலாம். ஆனால் நம் இரண்டு ஊருக்கும் ஏப்ரல் கடைசி வாரம் தானாகவே அமைந்திருக்கிறது. 23 உலகப் புத்தக நாள். 24 ஜெயகாந்தன் பிறந்த நாள். 25 புதுமைப்பித்தன், அவரும் கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்தவர். 27 பிரபஞ்சன், 29 பாரதிதாசன், இருவரும் புதுச்சேரியில் பிறந்தவர்கள். ஏழு நாளுக்குள் நம் மண்ணில் பிறந்த நான்கு பேர்.

அந்த வாரத்தின் சனிக்கிழமையில் முதல் கூட்டத்தை வையுங்கள். நால்வரில் ஒருவருடைய ஒரே ஒரு கதையோ பாட்டோ படித்துவிட்டு வரச் சொல்லுங்கள், முழுப் புத்தகம் கேட்காதீர்கள். முதல் அரை மணி நேரம் அதைப் பற்றிய பேச்சு. அதன் பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம், அண்மையில் படித்த எந்தப் புத்தகமானாலும் சரி. கிளம்பும் முன் ஒவ்வொருவரும் இன்று கேட்டதில் எதைப் படிக்கப்போகிறேன் என்று நோட்டில் எழுதட்டும். அடுத்த மாதக் கூட்டத்தை அந்தப் பட்டியலைப் படித்துத் தொடங்குங்கள்.